பிரான்சைஸ் கடையில் ஆள் சேர்ப்பதும், விலகிப் போகிறவரைக் கட்டும் போட்டித் தடைச் ஷரத்தும்: எது செல்லும், எது செல்லாது?

கோவை_கடைக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். கோவை சாய்பாபா காலனியில் ஓர் அழகு நிலையத்தைப் பிரான்சைஸ் முறையில் எடுத்து நடத்தி வருகிறேன். நிறுவனத்தின் பெயர் இந்த விவாதத்துக்குத் தேவையில்லை என்பதால் அதைத் தவிர்க்கிறேன். கடை வாடகை, சம்பளம், பி.எஃப். எல்லாம் என் பொறுப்பு. பெயர்ப் பலகை, பயிற்சி, விலைப்பட்டியல், பில்லிங் மென்பொருள் ஆகியவை அவர்களுடையவை.

என்னிடம் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரிடமும், நிறுவனம் அனுப்பிய மாதிரி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது எனக்கும் அவர்களுக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் ஒரு நிபந்தனை. வேலையை விட்ட பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு, 3 மைல் சுற்றளவில், இதே தொழிலை வேறு யாரிடமும் செய்யக் கூடாது, சொந்தமாகவும் தொடங்கக் கூடாது. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. மணப்பெண் அலங்காரத்தில் கைதேர்ந்த எங்கள் மூத்த ஸ்டைலிஸ்ட் இப்போது விலகல் கடிதம் கொடுத்திருக்கிறார். கவுண்டம்பாளையத்தில் சொந்தக் கடை போடப் போகிறார் என்று கேள்விப்படுகிறேன். ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்பணம் கொடுத்த வாடிக்கையாளர்கள் பலர், அவர் கைப்பட்டால்தான் சரி என்று சொல்லிப் பதிவு செய்தவர்கள்.

அவரிடத்துக்கு ஆள் தேட வேண்டும். இதே பிராண்டின் திருப்பூர்க் கிளையில் வேலை செய்யும் ஒருவர் என்னிடம் வர விரும்புகிறார். ஆனால் ஒரு கிளையின் ஊழியரை இன்னொரு கிளை எடுக்கக் கூடாது என்று என் ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து உள்ளது. போகிறவரை நிறுத்த முடியுமா, வருகிறவரைச் சேர்க்க முடியுமா என்பவைதான் என் கேள்விகள்.

ஏட்டுச்சுரைக்காய்:

சென்னையில் வழக்கறிஞராக இருக்கிறேன். வேலை ஒப்பந்த வழக்குகள் பார்ப்பதுண்டு. உங்கள் ஆவணங்களைப் பார்க்காமல் சொல்வது பொதுக் கருத்துதான் என்றாலும், முதல் கேள்விக்கான பதிலில் பெரிய சந்தேகம் ஏதும் இல்லை.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27: ஒருவர் சட்டப்படியான தொழிலையோ வணிகத்தையோ செய்வதைத் தடுக்கும் எந்த ஒப்பந்தமும், அந்தத் தடையின் அளவுக்குச் செல்லாது. நற்பெயரோடு சேர்த்து ஒரு வியாபாரத்தை விற்பவர், வாங்கியவருக்குப் போட்டியாக அதே பகுதியில் கடை போடமாட்டேன் என்று சொல்வது மட்டுமே அந்தப் பிரிவு தரும் விதிவிலக்கு. உங்கள் ஸ்டைலிஸ்ட் எதையும் உங்களுக்கு விற்கவில்லை. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்தார்.

இரண்டு ஆண்டு, 3 மைல் என்று எல்லை போட்டிருப்பதால் இது நியாயமான தடைதானே என்று கேட்பார்கள். இங்கிலாந்தில் அந்த வாதம் எடுபடும். இங்கே 1874லேயே கல்கத்தா உயர் நீதிமன்றம், மாதுப் சந்தர் வழக்கில், தடை பகுதியளவில் இருந்தாலும் செல்லாது என்று சொல்லிவிட்டது. 1980இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த சூப்பரின்டென்டென்ஸ் கம்பெனி வழக்கிலும் ஏறக்குறைய உங்களுடையதைப் போன்ற இரண்டு ஆண்டுத் தடைதான். வேலையை விட்ட ஊழியர் மீது அதைச் செலுத்த முடியவில்லை.

வேலையில் இருக்கும் காலத்துக்கான தடை வேறு. 1967இல் கோலிகாரி வழக்கில், ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் இருந்த ஓர் ஊழியர் இடையில் விலகிப் போட்டி நிறுவனத்தில் சேர்ந்தபோது, மீதமிருந்த ஒப்பந்தக் காலத்துக்கு அவரை நீதிமன்றம் தடுத்தது. ஆகவே உங்கள் ஸ்டைலிஸ்ட் நோட்டீஸ் காலம் முடியும் வரை, கடையின் வாடிக்கையாளரைத் தன் வீட்டுக்கு வரச் சொல்லி அலங்காரம் செய்யக் கூடாது. அந்தக் காலம் முடிந்த மறுநாள் காலையில், உங்கள் கடைக்கு எதிர்க்கடையிலேயே அவர் நாற்காலி போடலாம்.

மதுரை_வியாபாரி:

சட்டம் இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தே நாங்கள் வேறு வழியில் போகிறோம். நான் ரத்தப் பரிசோதனை மையம் ஒன்றைப் பிரான்சைஸாக நடத்துகிறேன். வேலைக்குச் சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம். கூடவே தொகை எழுதாத காசோலை ஒன்று. அதன் பிறகு யாரும் சொல்லாமல் கொள்ளாமல் போனதில்லை. பயிற்சி கொடுத்து ஆளாக்கிய பிறகு, பக்கத்துத் தெருக்காரன் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து இழுத்துக்கொண்டு போனால் நஷ்டம் யாருக்கு? முத்திரைத்தாளில் எழுதி வாங்கியிருக்கும்போது அதற்கு மதிப்பே இல்லை என்பது எப்படி நியாயம்?

ஏட்டுச்சுரைக்காய்:

மதுரை நண்பருக்கு. செல்லாத ஷரத்தை முத்திரைத்தாளில் எழுதினால் அது செல்லாத ஷரத்தாகவே இருக்கும், முத்திரைத்தாள் விற்பவருக்குத்தான் லாபம்.

சான்றிதழ் விஷயம் இதைவிடக் கடுமையானது. பாக்கிக்கு ஈடாகப் பிறர் பொருளை நிறுத்திவைக்கும் பொது உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 171 வங்கிகள், வழக்கறிஞர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே தருகிறது. பரிசோதனை மையமும் அழகு நிலையமும் அந்தப் பட்டியலில் இல்லை. ஊழியர் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தால் முதலில் கூப்பிடப்படுபவர் நீங்கள். உங்களுக்குப் பிராண்டைக் கொடுத்த நிறுவனம் அன்றைக்கு உங்களைத் தெரியும் என்றுகூடச் சொல்லாது.

வெற்றுக் காசோலையைப் பொறுத்தவரை, அது பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (காசோலைகளுக்கான சட்டம்) பிரிவு 138இன் கீழ் வழக்குப் போடலாம் என்ற நம்பிக்கையில்தான் வாங்குகிறார்கள். அந்தப் பிரிவு கேட்பது சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் அல்லது பொறுப்பு. செல்லாத போட்டித் தடையிலிருந்து எந்தக் கடனும் பிறப்பதில்லை. கடன் இருப்பதாகத் தொடக்கத்தில் அனுமானம் காசோலை வைத்திருப்பவர் பக்கம் இருப்பதால், ஊழியர் அதை முறியடிக்க நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருக்கும் என்பது உண்மை. அந்த அலைச்சலைக் காட்டி மிரட்டுவதுதான் இதன் பயன் என்றால், அதற்கு வேறு பெயர் உண்டு.

இன்னொன்று: பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் பலருக்கு வயது பதினேழு. பதினெட்டு முடியாதவர் போட்ட கையெழுத்துக்கு ஒப்பந்த மதிப்பே கிடையாது.

நிலைக்கண்ணாடி:

நான் கடைக்காரர் இல்லை, ஸ்டைலிஸ்ட். ஒரு பிரான்சைஸ் கடையில் வேலை செய்துவிட்டு இப்போது தனியாகத் தொழில் செய்கிறேன். அங்கிருந்து வந்தபோது எனக்கும் இதே போன்ற ஒரு தாளைக் காட்டி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள். பதில் நோட்டீஸ் போன பிறகு எதுவும் வரவில்லை. ஆனால் அந்த இடைப்பட்ட காலத்தில் என் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

கோவை அண்ணாவிடம் நான் கேட்க நினைப்பது இதுதான். அந்தச் சகோதரியின் கையெழுத்தை எந்த மொழித் தாளில், எந்த நேரத்தில் வாங்கினீர்கள்? எனக்கு ஆங்கிலத்தில் பன்னிரண்டு பக்கம் கொடுத்து, வாடிக்கையாளர் ஒருவருக்குத் தலையில் வண்ணம் பூசிவிட்டு ஊறக் காத்திருந்த நேரத்தில், கையுறையைக் கழற்றச் சொல்லி, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஒரு பிரதிகூடத் தரவில்லை. அதில் ஊதிய உயர்வு பற்றி ஒரு வரி இருந்திருந்தால் நிச்சயம் வாசித்துக் காட்டியிருப்பார்கள்.

முகூர்த்த முன்பணம் பற்றியும் சொல்கிறேன். கடை ரசீதில் வாங்கிய முன்பணம் கடையினுடையது. அதை நாங்கள் தொட மாட்டோம். ஆனால் மணப்பெண்ணின் அம்மா என்னைத் தேடி வந்து, அன்றைக்கு நீயே வந்து செய்து கொடு என்று கேட்டால், நான் மறுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

கோவை_கடைக்காரர்:

சகோதரி கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் ஒப்பந்தமும் ஆங்கிலத்தில்தான் உள்ளது. இனிமேல் தமிழில் எழுதிய தாளைக் கொடுத்து, வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துவிட்டு வரச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அசல் சான்றிதழ் எதையும் நான் வாங்கி வைக்கவில்லை.

ஒரு லட்சம் ரூபாயைப் பற்றி இன்னும் தெளிவு வேண்டும். என் கடை ஊழியர்களின் பயிற்சிக்காக நிறுவனம் என்னிடம் தனியாகக் கட்டணம் வசூலிக்கிறது. அது என் கைப்பணம். அதையாவது கேட்க முடியுமா? வங்கி வழக்கு ஒன்றில், இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற பாண்ட் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதாகச் செய்தியில் படித்தேன்.

ஏட்டுச்சுரைக்காய்:

நீங்கள் படித்தது 2025 மே மாதத்தில் வந்த விஜயா வங்கி தீர்ப்பு. மூன்று ஆண்டு முடியும் முன் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்ந்த அதிகாரி, பணத்தை ஆட்சேபத்தோடு கட்டிவிட்டு வேறு வங்கியில் சேர்ந்தார்; பிறகு அந்த நிபந்தனையை எதிர்த்து வழக்காடினார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் வங்கியின் பக்கம் நின்றது. அது வேலையில் இருக்கும் காலத்தைப் பற்றிய நிபந்தனை, விலகிய பின் வேறு இடத்தில் சேர்வதை அது தடுக்கவில்லை, எனவே பிரிவு 27இன் தடை அதற்குப் பொருந்தாது என்பது தீர்ப்பின் சாரம்.

இதை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கடைக்காரரும் இரண்டு லட்சத்துக்குப் பாண்ட் எழுதத் தொடங்கினால் ஏமாந்துதான் போவார்கள். பொதுத்துறை வங்கி, இடையில் ஒருவர் விலகினால் மறுபடியும் அறிவிப்பு வெளியிட்டு, பொதுப் போட்டி நடத்தித்தான் ஆள் எடுக்க வேண்டும். அந்தச் செலவையும் அந்த அதிகாரியின் சம்பள அளவையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. உங்கள் கடையில், ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74இன்படி, எழுதிய தொகை என்பது மேல் எல்லை மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். பயிற்சிக் கட்டணத்துக்கு ரசீது இருந்து, ஊழியர் ஒப்புக்கொண்ட காலத்துக்குள் விலகியிருந்து, வேலை செய்த மாதங்களுக்கு ஏற்ப அதைக் குறைத்துக் கேட்டால், உங்களிடம் ஒரு வாதம் இருக்கிறது. கடையிலேயே மூத்தவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டதைப் பயிற்சி என்று சொல்லி ஒரு லட்சம் கேட்டால் இல்லை. உங்கள் மூத்த ஸ்டைலிஸ்ட் பல ஆண்டு இருந்தவர் என்றால் கேட்பதற்கே ஒன்றும் மிச்சமிருக்காது.

அந்தத் தொகையைக் கடைசி மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்ற யோசனை வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ஒருவர் விலகினாலும் நீக்கப்பட்டாலும் அவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். முப்பது நாள், நாற்பத்தைந்து நாள் என்று இழுத்தடித்த பழைய வழக்கத்துக்கு இப்போது இடமில்லை.

ஹூஸ்டன்_வாசி:

உங்கள் ஒப்பந்தத்தில் சுற்றளவை மைலில் எழுதியிருக்கிறார்கள் என்பதைக் கவனித்தீர்களா? கோயம்புத்தூரில் யார் மைல் கணக்குப் பார்க்கிறார்கள்? அமெரிக்க மாதிரி ஒன்றை அப்படியே இறக்கியிருக்கிறார்கள்.

அந்த மாதிரிக்கு இங்கேயே மரியாதை குறைந்து வருகிறது. ஜிம்மி ஜான்ஸ் என்ற சாண்ட்விச் சங்கிலியின் பிரான்சைஸ் கடைகளில், ரொட்டி நறுக்கும் பையன்களிடம்கூட, இரண்டு ஆண்டுக்கு இரண்டு மைலுக்குள், வருவாயில் 10 சதவீதத்துக்கு மேல் சாண்ட்விச்சால் ஈட்டும் எந்தக் கடையிலும் சேரக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் தலையிட்ட பிறகு 2016இல் அதைக் கைவிட்டார்கள். 2024 ஏப்ரலில் எஃப்.டி.சி. (அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம்) நாடு முழுவதும் ஊழியர் மீதான போட்டித் தடையை ஒழிக்கும் விதியைக் கொண்டுவந்தது. ஆகஸ்டில் டெக்சாஸ் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2025 செப்டம்பரில் எஃப்.டி.சி. மேல்முறையீட்டையும் கைவிட்டது. ஆகவே இப்போது மாநிலத்துக்கு மாநிலம் வேறு சட்டம்தான். நான் இருக்கும் டெக்சாஸில் நியாயமான அளவுக்குள் எழுதிய தடை செல்லும், கலிபோர்னியாவில் செல்லாது.

இதில் ஒரு சுவையான தொடர்பு உண்டு. கலிபோர்னியாவின் அந்தச் சட்டமும் 1872ஆம் ஆண்டினதுதான். அமெரிக்க வழக்கறிஞர் டேவிட் டட்லி ஃபீல்ட் நியூயார்க்குக்காக எழுதிய வரைவுச் சட்டம்தான் கலிபோர்னியாவின் விதிக்கும் உங்கள் பிரிவு 27க்கும் மூலம். நியூயார்க் அதை ஏற்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவும் சேலமும் ஒரே விதியின் கீழ் வாழ்கின்றன.

முன்னாள்_ஏரியா_மேனேஜர்:

நான் ஒரு சங்கிலி நிறுவனத்தின் பக்கம் இருந்து இந்த ஒப்பந்தங்களை நடைமுறைப்படுத்தியவன் என்பதால், எதிர்ப்பக்கத்தையும் வைக்கிறேன். ஊழியர் மீதான போட்டித் தடை நீதிமன்றத்தில் நிற்காது என்பது தலைமை அலுவலகச் சட்டப் பிரிவுக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் எடுக்காமல் வைத்திருப்பதற்குக் காரணம், கையெழுத்துப் போட்டவர்களில் பெரும்பாலானோர் அதை நம்பிவிடுகிறார்கள் என்பதுதான். இதை நான் நியாயப்படுத்தவில்லை.

ஆனால் கோவைக்காரர் கவனிக்க வேண்டிய இடம் வேறு. ஊழியர் மீது செல்லாத அந்த ஷரத்து, அவர் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் அவர் மீது வேறு விதமாகச் செல்லும். 1995இல் குஜராத் பாட்லிங் நிறுவனத்துக்கும் கோகோ கோலாவுக்கும் நடந்த வழக்கு இதற்கு நேரடி எடுத்துக்காட்டு. பிரான்சைஸ் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் வரை வேறு நிறுவனத்தின் பானத்தை நிரப்ப மாட்டோம் என்று பாட்டில் நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது. பெப்சி தரப்பு அந்த நிறுவனத்தின் பங்குகளை வாங்கிவிட்ட பிறகும், நோட்டீஸ் காலம் முடியும் வரை அந்தத் தடை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது ஒப்பந்தம் இருக்கும் வரை நீங்கள் கட்டுப்பட்டவர். அது முடிந்த பிறகு வேறு பெயரில் அழகு நிலையம் நடத்துவதைத் தடுப்பது கடினம். ஆனால் அவர்களுடைய பெயர், சின்னம், உள்ளலங்காரம், மென்பொருள், வாடிக்கையாளர் தரவு எதையும் நீங்கள் பயன்படுத்த முடியாது.

திருப்பூர் ஊழியர் விஷயமும் இந்த வகைதான். விப்ரோவுக்கும் பெக்மேன் கூல்டருக்கும் நடந்த வழக்கில் 2006இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு நுட்பமான கோடு போட்டது. ஒருவர் ஊழியரை மற்றவர் இழுக்கக் கூடாது என்று இரண்டு நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு, நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது, ஊழியரை இல்லை. எனவே அது செல்லும். இதை மீறி விளம்பரம் கொடுத்து அழைத்த நிறுவனம் இழப்பீடு தர வேண்டியிருக்கும். ஆனால் வந்து சேர்ந்துவிட்ட ஊழியரைத் திருப்பி அனுப்ப முடியாது. ஆக, அந்தத் திருப்பூர்ப் பெண்ணுக்கு ஒரு சிக்கலும் வராது. அபராத நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும்.

ஹூஸ்டன்_வாசி:

இங்கே இதே கிளைகளுக்கிடையிலான தடையை மெக்டொனால்ட்ஸ் 2017இல் தன் ஒப்பந்தத்திலிருந்து எடுத்தது. 2018இல் வாஷிங்டன் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் நடவடிக்கையால் மெக்டொனால்ட்ஸ் உட்பட ஏழு சங்கிலிகள் அதைக் கைவிட ஒப்புக்கொண்டன. ஒரே பிராண்டின் கடைகள் தங்களுக்குள் ஆள் மாறக் கூடாது என்று வைத்தால் சம்பளம் ஏறவே ஏறாது என்பதுதான் எழுப்பப்பட்ட குற்றச்சாட்டு.

கோவை_கடைக்காரர்:

என் ஒப்பந்தத்தை இப்போது எடுத்துப் பார்த்தேன். "மற்றக் கிளையின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல்" என்ற சொற்கள் அந்த ஷரத்தில் இருக்கின்றன. இதுவரை அதை நான் கவனிக்கவில்லை. திருப்பூர்க் கிளை உரிமையாளர் எனக்குப் பழக்கமானவர்தான்.

முன்னாள்_ஏரியா_மேனேஜர்:

அப்படியானால் வேலை எளிது. அவரிடம் பேசிவிட்டு, பேசியதை மின்னஞ்சலில் எழுதி ஒப்புதல் வாங்குங்கள். வாட்ஸ்ஆப் குரல் பதிவு போதாது. அந்தப் பெண் அங்கே நோட்டீஸ் காலத்தை முடித்து, பணி விடுவிப்புக் கடிதம் வாங்கிய பிறகு உங்களிடம் சேரட்டும். ஒப்புதல் தருவதற்குப் பதிலாக அவர் தன் பயிற்சிச் செலவில் ஒரு பகுதியைக் கேட்கலாம். அதில் தவறில்லை, ஆனால் அதை அந்தப் பெண்ணின் சம்பளத்தில் பிடிக்காதீர்கள்.

நிறுவனம் கையெழுத்து வாங்கச் சொல்லும் ஒப்பந்தத்தை நீங்களாகவே மாற்றினால், நீங்கள் உங்கள் நிபந்தனையை மீறியவர் ஆகிவிடுவீர்கள். விலகிய பிறகான தடையை நீக்கிவிட்டு, வேலையில் இருக்கும்போது வேறிடத்தில் செய்யக் கூடாது, வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துச் செல்லக் கூடாது, வெளியில் கொடுத்த பயிற்சிக்கு ரசீதுப்படி திருப்பிச் செலுத்த வேண்டும் என்ற மூன்றோடு ஒரு தமிழ் வரைவை அனுப்பி, ஒப்புதல் கேளுங்கள். பல நிறுவனங்கள் கேட்டால் கொடுக்கின்றன, கேட்கிறவர்கள்தான் குறைவு.

நிலைக்கண்ணாடி:

வாடிக்கையாளர் பட்டியல் என்று பொதுவாக எழுதாமல், எது என்று தெளிவாக எழுதுங்கள். பில்லிங் கணினியில் இருக்கும் தொலைபேசி எண்களைப் படம் பிடித்துக்கொண்டு போவது திருட்டு. அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பத்து வருடமாக என்னிடம் முடி வெட்டிக்கொள்பவர் தானாகவே என் கைப்பேசியில் அழைப்பது வேறு.

ஏட்டுச்சுரைக்காய்:

சகோதரி சொல்லும் வேறுபாடு சட்டத்திலும் உண்டு. 2006இல் டெல்லியில், அலுவலகத்திலிருந்து விலகிய வழக்கறிஞர்கள் கட்சிக்காரர் விவரங்களையும் ஆவணங்களையும் கணினியிலிருந்து எடுத்துச் சென்றபோது, அவற்றைப் பயன்படுத்த நீதிமன்றம் தடை விதித்தது; அவர்கள் தனியே தொழில் செய்வதை அது தடுக்கவில்லை. கைத்திறனும் முகப் பழக்கமும் ஊழியருடையவை. கணினியில் இருக்கும் பட்டியல் கடையுடையது; பிரான்சைஸில் பல நேரம் கடையினுடையதுகூட இல்லை, தலைமை நிறுவனத்தினுடையது. ஒப்பந்தத்தில் அந்த ஷரத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள், கடைக்காரரே. நாளைக்கு நீங்கள் விலகும்போது அது உங்களுக்கு எதிராக நிற்கும்.

கோவை_கடைக்காரர்:

படித்தேன், வாடிக்கையாளர் தரவு முழுவதும் நிறுவனத்துக்கே சொந்தம் என்றுதான் இருக்கிறது.

இன்று மூத்த ஸ்டைலிஸ்டிடம் பேசினேன். ஆவணியில் ஏற்கெனவே பதிவான மணப்பெண் அலங்காரங்களை எங்கள் கடையின் பெயரிலேயே வந்து செய்து தருவதாகவும், ஒவ்வொன்றுக்கும் பாதித் தொகையை அவருக்குத் தருவதாகவும் பேசியிருக்கிறோம். விலகிய பிறகு அவர் என் ஊழியர் இல்லை என்பதால், இதற்குத் தனியாக ஒரு பக்கத் தாள் எழுதப் போகிறோம். பிராண்டின் பெயரில் வெளியாள் வேலை செய்ய நிறுவனத்தின் அனுமதியும் கேட்டிருக்கிறேன். திருப்பூர் நண்பர் தொலைபேசியில் சம்மதித்துவிட்டார். மின்னஞ்சல் வந்ததும் அந்தப் பெண்ணுக்குப் பணி நியமனக் கடிதம் கொடுத்துவிடுவேன். தமிழ் வரைவுக்கு நிறுவனத்தின் ஏரியா மேனேஜரிடமிருந்து வந்த பதில், "சட்டப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்ற ஒற்றை வரிதான்.

முன்னாள்_ஏரியா_மேனேஜர்:

நானும் அந்த வரியை நிறைய எழுதியிருக்கிறேன். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால், இந்த வரைவையே பயன்படுத்தத் தொடங்குகிறேன், ஆட்சேபம் இருந்தால் தெரிவியுங்கள் என்று ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்குக் கண்டிப்பாகப் பதில் வரும்.